நான்காவது வரிசைத் தொட்டிகள்

அக்டோபர் 9

இன்று நான் சொல்லாதது: அந்தக் கொடி அழகாக இருக்கிறது என்பதை.

சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். மேனேஜர், என் தோழி ஜெஸிந்தா, இரண்டு சூப்பர்வைசர்கள், நான், எல்லோரும் ஓடைக்கரையில் நின்றிருந்தோம். எதிரே சரிவில் பதினேழாம் காடு. இந்த எஸ்டேட்டில் தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியையும் காடு என்றுதான் சொல்கிறார்கள், நம்பர் போட்டு. பறிக்க ஆள் இல்லாமல் நான்கைந்து வருடமாகக் கைவிட்ட காடு அது. தேயிலைச் செடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நிழல் மரங்களின் உச்சிவரை மைக்கானியா என்ற களைக்கொடி ஏறி, அங்கிருந்து வழிந்து, மலையே பச்சைப் போர்வைக்குள் தூங்குவதுபோல் இருந்தது. ஓரிரு இடங்களில் வெள்ளையாகப் பூக்கத் தொடங்கியிருக்கிறது.

மேனேஜர் அந்தச் சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, ஓடைக்கரையில் லைன் வீட்டுத் தொழிலாளர்கள் போட்டிருக்கும் காய்கறித் தோட்டங்களைக் குடையால் காட்டினார்.

“இங்கதான்மா ஆரம்பம். சாணியக் கொட்டிக் கொட்டி மண்ணைக் கொழுக்க வச்சிட்டாங்க. இங்க முளைச்சுதான் மேல ஏறியிருக்கு. நீங்க சயின்ஸா அதைச் சொல்லிட்டா எனக்குப் போதும்.”

அந்த நேரம் பார்த்துக் கொழுந்துக் கூடையோடு பூரணம் அக்கா கடந்து போனாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கரையோரத்து மாட்டுக் கொட்டகை அவளுடையது.

“தொரை, ஓடை மேலருந்து கீழ வருதா, கீழருந்து மேல போகுதா? தண்ணி வர்ற வழியாத்தான் இந்தச் சனியனும் வருது” என்றாள். நிற்காமலே சொல்லிவிட்டுப் போனாள். சூப்பர்வைசர்களில் ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார்.

ஜனவரியில் சுற்றுச்சூழல் சான்றிதழுக்காக வெளியாட்கள் வந்து எஸ்டேட்டைப் பார்ப்பார்கள். அதற்குள் கொடி எங்கிருந்து பரவுகிறது என்று தெரிந்தாக வேண்டும். கீழிருந்து என்றால் ஆறு குடும்பங்களின் தோட்டமும் பூரணம் அக்காவின் கொட்டகையும் போகும். மேலிருந்து என்றால் எஸ்டேட் தன் ஆட்களைப் போட்டுப் பதினேழாம் காட்டைச் சுத்தம் செய்யவேண்டும். சொல்லவேண்டியது நான். மண்ணியல் படிப்பவள், இருபத்தாறு வயது, அட்டைக்கு இன்னும் பயப்படுகிறவள்.

அக்டோபர் 11

எஸ்டேட்டுக்குள் வேலை செய்ய எனக்கு அனுமதி வாங்கித் தந்ததும், குவார்ட்டர்ஸில் தன் அறைக்குப் பக்கத்து அறையைக் கொடுத்ததும் ஜெஸிந்தா. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் நான்கு வருடம் ஒரே அறை. இப்போது இங்கே சுற்றுச்சூழல் அதிகாரி. இன்னும் நிரந்தரமாகவில்லை; ஜனவரியில் ஆகிவிடும் என்கிறாள். நான் வந்து இறங்கிய அன்று ஜீப்பிலிருந்தே கத்தினாள்: “எட்டி மண்ணாங்கட்டி! வந்துட்டியா! ஒரு மூட்டை புக்கையும் சொமந்துட்டு வந்திருப்பியே, சவம்!”

ஹாஸ்டலில் எனக்கு அவள் வைத்த பெயர் அது. வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட விட்டதுமில்லை.

குவார்ட்டர்ஸ் பின்புறம் பச்சை வலைக் கூரை போட்டாயிற்று. முப்பத்திரண்டு தொட்டிகள், நான்கு வரிசை. முதல் வரிசைக்கு இயற்கையான சோலைக் காட்டு மண். இரண்டாவது, இப்போது கொழுந்து பறிக்கும் தேயிலைக் காட்டு மண். மூன்றாவது, ஓடைக்கரைத் தோட்டத்து மண். நான்காவது, பதினேழாம் காட்டு மண். எல்லாவற்றிலும் ஒரே நீளக் கொடித்துண்டு நட வேண்டும், இரண்டு கணு. எந்த மண்ணில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று வாரம் ஒருமுறை அளக்க வேண்டும். வளர்ந்த கொடி ஒரு துண்டுகூட வெளியே போகக்கூடாது. கணு மண்ணைத் தொட்டால் வேர்விட்டுவிடும்.

அக்டோபர் 14

மூன்று இடத்து மண் எடுத்தாயிற்று. ஓடைக்கரையில் பூரணம் அக்காவே மண்வெட்டி பிடித்தாள்.

“நீ தள்ளு பாப்பா. நீ தோண்டுறத பாத்தா கோழி கெளர்ற மாதிரி இருக்கு.”

சாணக் குழி ஓரம், வரப்பு ஓரம் எல்லாம் வேண்டாம் என்று நான் தள்ளித் தள்ளி இடம் காட்டினேன். “மண்ணுக்குமா நாள் நட்சத்திரம் பாக்குற?” என்று கேட்டாள். மண் கறுப்பாக, கையில் உதிர்ந்தது. மண்புழுக்கள். இதைவிட நல்ல மண்ணை இந்த மலையில் நான் பார்க்கவில்லை. அவளிடம் அதைச் சொன்னேன். வெட்கப்பட்டாள்.

பதினேழாம் காட்டுக்குப் போகக் கிளம்பியபோது ஜெஸிந்தா தடுத்தாள்.

“அங்க இப்ப மண்ணு எடுக்க முடியாதுட்டி. கொடிய வெட்டிட்டுப் புது நாத்து நடலாம்னு ஆபீஸ்ல ஒரு பேச்சு. அதுக்காவ போன வாரந்தான் உரம் போட்டாவ. நீதான் சொல்லுவியே, உரம் போட்ட மண்ணு பொய் சொல்லும்னு.”

உரமிட்டு ஆறு வாரமாவது ஆகாமல் மாதிரி எடுக்கக்கூடாது. முதல் வருடப் பாடம். செமினாரில் ஒருவன் அப்படி எடுத்து வந்ததற்காக நான் எழுந்து நின்று சண்டை போட்டதை அவள் இன்னும் நடித்துக் காட்டுவாள். இன்றும் காட்டினாள், மூக்குக் கண்ணாடியை நுனிக்குத் தள்ளிக்கொண்டு. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆறு வாரம் கழித்து எடுத்தால் போயிற்று. நான்காவது வரிசை காலியாக இருக்கட்டும்.

அக்டோபர் 20

தீபாவளி. அம்மாவிடம் பேசினேன். நாள் முழுக்க மழை. இடது காலில் மூன்று அட்டை.

அக்டோபர் 28

தோட்டத்து மண்ணில் கொடி ஓட்டமெடுக்கிறது. சோலை மண்ணில் கொடி சோம்பலாக ஓரிரண்டு இலை விட்டிருக்கிறது. தேயிலை மண் நடுவில். அந்த மண்ணின் புளிப்பு இதற்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை போல. நூலைக் கொடியின் வளைவோடு வைத்து, பிறகு நூலை நீட்டி அளக்கிறேன். கைகளுக்கு வேலை இருக்கும்போது மனம் எங்கேயோ போய் வருகிறது. இந்த மாதம் முழுக்க ஒரு ரஷ்ய நாடகம். ஒரு குடும்பம் தன் பழத்தோட்டத்தை இழந்துகொண்டிருக்கிறது, அதை யாருமே நம்ப மறுக்கிறார்கள்.

காலையில் பூரணம் அக்கா பால் கொண்டுவரும்போது ஜெஸிந்தா கதவைத் திறக்கவில்லை. உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை.

அவளுடைய துண்டை மாற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யூகலிப்டஸ் எண்ணெய் வாசனை. நாளை துவைத்துக் கொடுக்கவேண்டும்.

நவம்பர் 6

துண்டைக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

நவம்பர் 9

ஞாயிற்றுக்கிழமை. ஓடைக்கரைத் தோட்டத்தில் ஆறு குடும்பமும் சேர்ந்து கொடி பிடுங்கினார்கள். வாரம் ஒருமுறை இப்படிப் பிடுங்குகிறார்கள். விட்டால் சௌசௌப் பந்தலை அமுக்கிவிடும். பிடுங்கியதை வரப்பிலேயே போடுவதைப் பார்த்துப் பதறி, தரையில் போடாதீர்கள், ஒவ்வொரு கணுவும் வேர்விடும், தொங்கவிட்டுக் காய வையுங்கள் என்று சொன்னேன். உடனே கயிறு கட்டினார்கள். மாலைக்குள் கரை முழுக்கக் கொடித் தோரணம்.

“துணி காயப்போடுற மாதிரி காயப்போடச் சொல்லுது இந்தப் பாப்பா” என்று பூரணம் அக்கா பக்கத்துத் தோட்டத்துக்குக் குரல் கொடுத்தாள். “நாளைக்கு இஸ்திரி போடச் சொல்லும்!”

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த பீன்ஸை என் பையில் போட்டாள். மகள் பொள்ளாச்சியில் நர்ஸிங் படிக்கிறாள், மாடுதான் படிக்க வைக்கிறது என்றாள். “நல்லதா எழுதுவேல்ல பாப்பா?”

உண்மையைத்தான் எழுதுவேன் அக்கா என்றேன்.

“அது போதும். அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்.”

கீழ்த் தோட்டங்களில் வளரும் கொடி வளரவளரப் பிடுங்கப்படுகிறது. பூக்க விடுவதே இல்லை. பூக்காத கொடி எப்படி விதையைக் காற்றில் விடும்? இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேலே பதினேழாம் காடு முழுக்க இப்போது வெள்ளை.

நவம்பர் 16

ஜெஸிந்தா பாலை நிறுத்திவிட்டாள். நாளையிலிருந்து பாக்கெட் பால்.

“ஏன்?”

“தண்ணி கலக்கா அவ.”

“எனக்கு அப்படித் தெரியலையே.”

“ஒனக்கு மண்ணுதான தெரியும். பாலப்பத்தி என்ன தெரியும்?”

அவள் இப்படிப் பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவாள். இன்று அடுப்பைப் பார்த்துப் பேசினாள். மாதவிலக்கு நாளாக இருக்கலாம். வெந்நீர்ப் பை வைத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டாள்.

நவம்பர் 20

ஆறு வாரம் முடிந்தது. பதினேழாம் காட்டுக்குப் போகப் பைகளை எடுத்து வைத்தேன். ஜெஸிந்தா வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“எட்டி, ஒன்கிட்ட சொல்ல மறந்துட்டேன். மழை எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிட்டுன்னு திங்கக்கிழமை மறுபடியும் உரம் போட்டாச்சு. அதோட அங்க ஆனை வேற நிக்கி. தனியா போயிராத.”

“இன்னும் ஆறு வாரமா? ஜனவரி வந்துடுமே.”

“மத்த மூணு வரிசை இருக்குல்லா. அது போதாதா?”

போதாது என்றேன். அவளுக்கும் அது தெரியும். “சரி, வெயிட் பண்ணு. யாரு வேண்டாம்னா?” என்றாள். பிறகு வந்து என் தோளில் தாடையை வைத்து, “கோவமாட்டி?” என்று கேட்டாள்.

கோபம் இல்லை. எப்படி இருக்கும்?

நவம்பர் 23

ஐந்து வார அளவுகளைத் தொகுத்தேன். மூன்றாவது வரிசை மற்ற இரண்டையும்விட வெகுதூரம் முன்னால். தழைச்சத்தும் மட்கும் எங்கே அதிகமோ அங்கே கொடி ஓடுகிறது. எதிர்பார்த்ததுதான்.

ஜெஸிந்தா அந்த வரைபடத்தைக் கேட்டாள். ஆபீஸுக்கு இல்லை, வேலை நடக்கிறது என்று காட்ட மட்டும், வெளியே போகாது என்றாள். கொடுத்தேன். கூடவே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நான்காவது வரிசை இல்லாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. தோட்டத்து மண்ணில் கொடி வேகமாக வளர்கிறது என்பதால் அங்கிருந்துதான் பரவுகிறது என்று ஆகாது. எங்கே வெட்டினாலும் மெஷின் போடாமல் கையால் பிடுங்கி உலர்த்த வேண்டும், துண்டுகள் ஓடையில் விழவே கூடாது.

“எவ்வளவு எழுதிருக்கா! ஒரு படம் கேட்டா ஒரு புராணம் தருவா” என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

நவம்பர் 24

மழை. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நாள் நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 3

நான்கு மணிக்கு ஓடைக்கரைக்குப் போனேன். பூரணம் அக்கா பந்தலிலிருந்து சௌசௌக் காய்களை அறுத்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் அளவுப் பிஞ்சுகளையும்.

“என்னக்கா, பிஞ்சையும் பறிக்கிறீங்க?”

அவள் திரும்பவில்லை. “யாருக்கு விட்டு வைக்கணும் மேடம்?”

மேடம். அக்டோபரிலிருந்து ஒருநாளும் அவள் என்னை அப்படி அழைத்ததில்லை.

கேட்கக் கேட்கத்தான் வந்தது. காலையில் மஸ்டரில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், எல்லோரையும் நிற்கவைத்துப் படித்திருக்கிறார்கள். ஓடைக்கரைத் தோட்டங்களிலிருந்துதான் கொடி பரவுகிறது என்று ஆராய்ச்சி முடிவாகச் சொல்லிவிட்டது. திங்கட்கிழமைக்குள் தோட்டங்களையும் கொட்டகையையும் காலி செய்யவேண்டும்.

“வான்மதின்னு படிச்சாங்க. உங்க பேரு அதுன்னு அப்பத்தான் எனக்குத் தெரியும். இவ்வளவு நாளும் பாப்பா பாப்பான்னுல்ல இருந்துட்டேன்.”

“அக்கா, நான் அப்படிச் சொல்லவே இல்லை. வேலையே முடியலை. பதினேழாம் காட்டு மண்ணு எடுத்தாத்தான் எதுவும் சொல்ல முடியும். அங்க உரம் போட்டிருக்காங்க, அதனாலதான் காத்துக்கிட்டு இருக்கேன்.”

அரிவாள் நின்றது.

“எங்க உரம் போட்டிருக்காங்க?”

“பதினேழுல. அக்டோபர்ல ஒரு தடவை, போன மாசம் ஒரு தடவை.”

அவள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

“உரம் போட்டா சாக்க யாரு மேடம் தூக்குறா? லாரியா மேல ஏறுது? நாங்கதான தலையில வச்சுக் கொண்டுபோவோம். அந்தப் பக்கம் ஒரு சாக்கு ஏறி அஞ்சு வருசமாச்சு. எங்க கழுத்துக்குத் தெரியாம ஒரு பிடி உரம் அங்க விழாது. யாரு சொன்னா உங்களுக்கு?”

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் பிஞ்சுகளை அறுக்கத் தொடங்கினாள்.

“மண்ண நான்தான தோண்டிக் குடுத்தேன்” என்றாள், யாரிடமோ சொல்வதுபோல்.

டிசம்பர் 4

பதினேழாம் காட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. யானை இல்லை.

கொடிக்குக் கீழே குனிந்துதான் நடக்க முடிகிறது. உள்ளே இருட்டு. தேயிலைச் செடிகள் இலையில்லாமல் நின்றபடியே செத்திருக்கின்றன, வரிசை மாறாமல். காலுக்குக் கீழே அடுக்கடுக்காக மட்கிய கொடியிலை. விரலால் கீறினேன், கையால் தோண்டினேன், பிறகு மண்வெட்டியால் வெட்டினேன். உரத்தின் ஒரு குருணை இல்லை. வெட்டிய சுவடு இல்லை, நாற்றுக்குழி இல்லை, மனிதர் நடந்த தடம்கூட இல்லை. நாற்று நடும் பேச்சு என்று ஒன்று ஆபீஸில் எப்போதாவது இருந்ததா என்பதே இப்போது சந்தேகம்.

மண் கறுப்பு. ஓடைக்கரை மண்ணைவிடக் கறுப்பு. எஸ்டேட் வருடக்கணக்கில் போட்ட பழைய உரத்தின் மீது கொடி தன் இலைகளைக் கொட்டிக் கொட்டி, தனக்கு வேண்டிய மண்ணைத் தானே தயாரித்துக்கொண்டிருக்கிறது. மழைநீர் சின்னச் சின்ன வாய்க்கால்களாகச் சரிவில் இறங்கியிருந்தது. ஒரு வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அறுந்த கொடித்துண்டுகள் வழியெல்லாம் கிடந்தன, சில வேர்விட்டிருந்தன. வாய்க்கால் பூரணம் அக்காவின் பந்தலுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டது.

எட்டுத் தொட்டிகளையும் நிரப்பிக் கொடித்துண்டுகளை நட்டேன். 

டிசம்பர் 5

ஜெஸிந்தா சாயங்காலம் ஸ்டூலில் ஏறி நின்று வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தாள். பின்புறம் போய்ப் பார்த்திருக்கிறாள். நிரம்பிய தொட்டிகளைப் பற்றி அவளே பேச்செடுத்தாள்.

“போயிட்டு வந்தாச்சு போல.”

“உரம் போடலையே ஜெஸி.”

“இல்ல.”

இவ்வளவு சுலபமாகச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. நான் தயார் செய்து வைத்திருந்த கேள்விகளெல்லாம் மறுக்கிற ஒருத்தியிடம் கேட்க வேண்டியவை.

“அந்த ஒயர இங்க தா” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

“பதினேழு மேல இருந்துதான் வருதுன்னு நீ எழுதினா, அத எடுத்துச் சுத்தம் பண்ண இந்த எஸ்டேட்டுக்கு ஆளும் இல்ல, மனசும் இல்ல. சர்டிபிகேட் போவும். சர்டிபிகேட் கொண்டு வரத்தான் என்னை வச்சிருக்காவ. வேற எதுக்கு வச்சிருக்காவ?”

“நான் எழுதின பக்கம் எங்க?”

“படம் மட்டும் போதும்னு சொல்லிட்டாவ.”

“யார் சொன்னா?”

“நான்தான் சொன்னேன், போதுமா? எட்டி, நான் ஒன் கணக்குல ஒரு எழுத்து மாத்தல. நீ வளர்த்த செடி, நீ அளந்த நீளம். எல்லாம் உண்ம. நான் செஞ்சது எட்டுத் தொட்டிய காலியா வச்சது மட்டுந்தான். அதையும் நீயே காலியா வச்ச. ரூல்ஸ் பிரகாரம்.”

ஸ்டார் எரிந்தது. சிவப்பு. அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி, தள்ளி நின்று, நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

“பூரணம் அக்கா பாலைத்தானே ஒரு வருஷமா குடிச்ச” என்றேன்.

“அதாம் நிறுத்தினேம்லா” என்றாள். முதல்முறையாகக் குரல் உடைந்தது. “அவ முகத்தப் பாத்துட்டு அந்தப் பால எப்பிடிக் குடிக்க?”

அப்போது அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் தோன்றியது.

என்னை ஏமாற்ற அவள் புதிதாக எதையும் தேடவில்லை. நான்கு வருடம் ஒரே அறையில் இருந்து என்னைப் பற்றி என்ன தெரிந்துகொண்டாளோ அதை எடுத்தாள். உரம் போட்ட மண்ணை இவள் தொடமாட்டாள், போய்ச் சரிபார்க்கவும் மாட்டாள், சொன்னது நான் என்பதால் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் போய்ப் பார்த்திருப்பேன்.

டிசம்பர் 6

காலையில் என் ஆராய்ச்சி கைடுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டார். “தொட்டி ரிசல்ட் வர எத்தனை வாரம்மா ஆகும்? அது வராம நாம எதையும் எழுத்துல குடுக்க முடியாது. அவசரப்பட்டா உன் வேலைதான் கெடும்” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அது இப்போது எனக்கு உறைக்கிறது.

மேனேஜர் ஆபீஸுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார்.

“அரைகுறை வேலையை வச்சு முடிவு பண்ணிட்டீங்க சார். நாலாவது வரிசை இப்பத்தான் நட்டிருக்கேன்.”

“அப்போ நாலாவது வரிசை என்ன சொல்லுது?”

“இன்னும் ஒண்ணும் சொல்லலை.”

“சொல்லும்போது வாங்க” என்றார், அன்பாகவே.

பிறகு லைன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே பூரணம் அக்காவிடம் சொன்னேன்: நீங்க சொன்னது சரி, உரம் போடவே இல்லை, என்னிடம் பொய் சொல்லிவிட்டார்கள், நான் மறுத்து எழுதுவேன். அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

“எப்ப எழுதுவீங்க?”

“எட்டு வாரம் ஆகும்க்கா.”

“திங்கக்கிழமைக்கு எத்தன வாரம் இருக்கு மேடம்?”

உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. ஆனால் திரும்பி வரவும் இல்லை.

டிசம்பர் 8

ஒன்பது மணிக்கு ஆட்கள் வந்தார்கள். புல்வெட்டும் மெஷின் நான்கு. பந்தல் முதலில் விழுந்தது. வாழை. மிளகாய். கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த கொடித் தோரணங்களையும் சேர்த்து அடித்தார்கள். மெஷின் கொடியை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி நாலா பக்கமும் தெறிக்கவிட்டது. ஓடைக்குள்ளும்.

நான் ஓடிப்போய், மெஷின் போடாதீர்கள், ஒவ்வொரு துண்டும் முளைக்கும் என்று கத்தினேன். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் நிறுத்திவிட்டு, “என்ன மேடம், நீங்க சொல்லித்தான எடுக்கோம்?” என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

பூரணம் அக்கா மாட்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றாள். கொட்டகைத் தகரங்களை இறக்கும் சத்தத்தில் மாடு மிரண்டது. அவள் அதன் கண்ணைப் புடவைத் தலைப்பால் மூடினாள். ஜெஸிந்தா ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

டிசம்பர் 10

புத்தகங்களைக் கட்டினேன். துண்டைத் துவைத்து, மடித்து, அவள் கதவில் மாட்டினேன். தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் அளக்கவும் இனி வால்பாறையில் தங்கி, வாரம் ஒருமுறை பஸ்ஸில் வந்துபோவேன். பின்வாசல் வழியாக வந்தால் போதும். பஸ் நிறுத்தம்வரை அவள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. பஸ் ஏறியபோது, “எட்டி” என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது.

நான் சொல்லாதது: அவளை மன்னிப்பேனா இல்லையா என்பது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஜனவரி 18

வெளியாட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். ஓடைக்கரை சுத்தமாக இருந்ததாம்.

மார்ச் 14

எட்டு வாரக் கணக்கில் நான்காவது வரிசை மற்ற மூன்றையும் தாண்டிவிட்டது. ஓடைக்கரை மண்ணில் வளர்ந்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. முடிவுகளைப் போன மாதமே பல்கலைக்கழகத்துக்கும் எஸ்டேட்டுக்கும் சான்றிதழ் கொடுத்தவர்களுக்கும் அனுப்பினேன். கிடைத்தது என்று எஸ்டேட்டிலிருந்து பதில் வந்தது, கீழே ஜெஸிந்தாவின் கையெழுத்து. இப்போது நிரந்தரம்.

இன்று தொட்டிகளை எடுத்துவரப் போனேன். ஓடைக்கரை முழுக்கக் கொடி. பிடுங்க ஆள் இல்லாத நல்ல மண். பதினேழாம் காட்டிலிருந்து இறங்கி, ஓடையைத் தாண்டி, லைன் வீடுகளின் பின்சுவர்வரை வந்துவிட்டது. யாருக்கும் வேறு இடம் தரவில்லை. மாடு பிப்ரவரியிலேயே பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்விட்டது.

பஸ் நிறுத்தத்துக் கடையில் பூரணம் அக்கா எனக்கு முன்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், தலையசைத்தாள். அரை லிட்டர் பாக்கெட் பால் வாங்கிக்கொண்டு போனாள்.